பட்டணம் சேரும் இளைஞரும் மதுரை மாநகரும்

“கெட்டும் பட்டணம் சேர்” என்பது நம் நாட்டுப் பழமொழி. பிறந்த ஊரில் வாழ்வு தளர்ந்தவன் பட்டணத்தை அடைவானாயின் எவ்வாறேனும் பிழைத்துக்கொள்வான் என்பது அதன் கருத்து. இக்காலத்திலோ கெட்டவர் மட்டுமேயன்றி, நன்கு வாழும் குடியிற் பிறந்த இளைஞரும் பட்டணத்தையே நாடுகின்றனர். இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதினர் பல்லாயிரவர் ஒரு நகரை விரும்பி வந்து தங்குவாராயின், அந்நகரின் வீடுகளும் கடைகளும் அவர்தம் தேவைக்கேற்ப உருமாறுதல் இயல்பு. அம்மாற்றம் மதுரையில் எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் விளைந்த நன்மை தீமைகள் யாவை என்பவற்றைச் சுருங்க ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. அடைக்கலம் புக்க இருவர்

மதுரைக்குப் பிழைப்புத் தேடி வந்த இளைஞருள் யாவரும் அறிந்தவர் கோவலனும் கண்ணகியும் ஆவர். புகாரில் பொருளனைத்தும் இழந்த கோவலன், மனைவியின் சிலம்பை முதலாகக் கொண்டு வாணிகம் தொடங்கும் எண்ணத்துடன் பாண்டியன் தலைநகரை நோக்கிப் புறப்பட்டான் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. அவ்விருவரும் மதில் சூழ்ந்த நகருக்குள் உடனே குடிபுகவில்லை. மதிற்புறத்தே அறவோர் வாழும் புறஞ்சேரியில் தங்கினர். பின்னர்க் கவுந்தியடிகள் அவர்களை மாதரி என்னும் ஆயர் முதுமகளிடம் அடைக்கலமாக ஒப்படைத்தார். மாதரியும் மனமுவந்து தனிமனை ஒன்றை அவர்களுக்கு அளித்து, சமைத்தற்கு வேண்டும் பண்டங்களையும் தந்தாள்.

ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. முன்பின் அறியாத இளையோர்க்கு மாதரி வீடு தந்தது, அவர்களைப் பற்றிக் கவுந்தியடிகள் ஒரு சொல் சொன்னமையால் ஆகும். கடைவீதியிலோ கோவலனுக்காக அவ்வாறு சொல்லுவார் ஒருவரும் இலர். ஆதலின் பொற்கொல்லன் சொல்லே நிலைத்தது. கோவலன் உயிர் நீத்தான். புதிதாக நகர் புகும் இளைஞனுக்குக் கூரை ஒன்றும், அவனை அறிந்தார் ஒருவரும் ஆகிய இரண்டும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் நகரம் அவனுக்கு நகரமாகாது. இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொண்டு பிற்கால மதுரையை நோக்குவோம்.

2. கோட்டை நீங்கி வீதிகள் எழுந்தமை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை மதுரை கோட்டைக்கும் அகழிக்கும் உட்பட்ட ஊராகவே இருந்தது. 1840-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கலெக்டராயிருந்த பிளாக்பர்ன் துரை, மதிலை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். இடிக்கும் வேலையில் ஈடுபட்டோர்க்கு அவ்விடத்திலேயே மனைநிலம் அளிக்கப்பட்டது. வெளிவீதிகளும், மாரட் வீதியும், பெருமாள் மேஸ்திரி வீதியும் அக்காலத்து எழுந்தவையே. உழைத்தவனுக்கே மனை என்னும் இவ்வேற்பாடு நகரத்தை விரித்ததோடு, வந்தவரை ஊராராகவும் ஆக்கிற்று.

1875-இல் இருப்புப்பாதை வந்தது. 1892-இல் ஹார்வி சகோதரரின் மதுரை ஆலை நூல் நூற்கத் தொடங்கிற்று. 1921-இல் கருமுத்து தியாகராசச் செட்டியார் மீனாட்சி ஆலையை நிறுவினார். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து இளைஞர் ஆலைச் சங்கொலிக்கு நகர் வந்து சேர்ந்தனர். 1901-இல் ஏறத்தாழ 1,06,000 ஆக இருந்த மக்கள்தொகை, 1951-இல் 3,60,000-ஐக் கடந்தது.

3. அழைத்தவரே இடம் தந்தமை

இவ்வாறு வந்தோரை அழைத்தவர் யார்? ஆலையாரும் கல்வி நிலையத்தாரும் ஆவர். அவர்களே ஓரளவிற்கு அவர்க்கு உறைவிடமும் தேடினர். திருப்பரங்குன்றத்தை அடுத்துள்ள ஹார்விபட்டி, ஆலைத் தொழிலாளர்க்கென்றே அமைந்த குடியிருப்பு. 1881-இல் பசுமலையில் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி 1909-இல் வையைக்கு வடகரையிலுள்ள தல்லாகுளத்திற்கு வந்து, மாணவர் விடுதிகளுடன் வளர்ந்தது. அப்பக்கத்திலேயே 1948-இல் லேடி டோக் கல்லூரியும், 1954-இல் மருத்துவக் கல்லூரியும் தோன்றின. இவ்வாறு வடகரை கற்போர் வாழும் பகுதியாயிற்று.

ஆலைக் குடியிருப்பிலும் கல்லூரி விடுதியிலும் குறைகள் இல்லாமல் இல்லை. கட்டுப்பாடு மிகுதி, வேலை போயின் வீடும் போகும் என்னும் அச்சமும் உண்டு. எனினும் இளைஞனை இன்னான் என்று அறிந்து, அவனுக்காகச் சொல்லுவார் ஒருவர் ஆங்கு இருந்தனர்.

4. வீடு அறையானமை

இக்காலத்து நிலை வேறு. கல்லூரிகளும், மருத்துவமனைகளும், போட்டித் தேர்வுப் பயிற்சி நிலையங்களும் பெருகிவிட்டன. 2004-இல் உயர்நீதிமன்றக் கிளை வந்தது. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் எழுந்தன. இவற்றை நாடி வருவோர் யாவர்க்கும் விடுதிகள் போதா. ஆதலின் வீட்டுரிமையாளரே விடுதிக்காரராயினர்.

அதன் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மாதம் 12,000 ரூபாய்க்கு ஒரு குடும்பத்திற்கு விடத்தக்க வீடொன்று உளது என்று கொள்வோம். அதனை மூன்று அறைகளாக்கி, அறைக்கு மூன்று கட்டில் இட்டு, கட்டிலுக்கு 2,000 ரூபாய் பெற்றால் வருவது 18,000 ரூபாய். மாடியில் தகரக் கொட்டகை ஒன்று எழுப்பினால் இன்னும் மிகும். ஒன்பதின்மர் தனித்தனியே சிறுதொகை தருதல் எளிது. ஒரு குடும்பம் அப்பெருந்தொகை தருதல் அரிது. ஆகவே நகர் நடுவிலுள்ள வீடுகள் பல கட்டில்களாக மாறுகின்றன. குடும்பங்கள் புறநகர்க்குப் பெயர்கின்றன.

குடிக்கணக்கும் இதனை ஒருவாறு காட்டும். மாநகராட்சி எல்லைக்குள் 1991-இல் ஏறத்தாழ 9,41,000 பேர் வாழ்ந்தனர். 2001-இல் அத்தொகை 9,29,000 அளவிற்குக் குறைந்தது. இதற்குக் காரணம் பலவாயினும், நகரின் வளர்ச்சி எல்லைக்கு வெளியே சென்றுவிட்டமை தெளிவு. 2011-இல் எல்லை விரிக்கப்பட்டு, 72 வட்டங்கள் 100 ஆயின. பரப்பும் ஏறத்தாழ 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 ஆக உயர்ந்தது. தல்லாகுளம், சொக்கிகுளம், பீபீகுளம், இலந்தைக்குளம், உலகனேரி என்னும் பெயர்களை நோக்குக. குளமும் ஏரியும் பெயரளவில் நிற்க, மனைகள் பெருகின. இன்று நகர் பரவும் சமவெளியின் கண்மாய்களுக்கும் அக்கதி நேராதபடி காத்தல் வேண்டும்.

5. வாணிகம் மாறியமை

வீட்டின்பின்னே கடையும் மாறிற்று. குடும்பம் உள்ள தெருவில் மளிகைக் கடைக்காரர் பற்றுவரவுப் புத்தகம் வைத்திருப்பார். மாதத் தொடக்கத்தில் கணக்குத் தீரும். அஃது அறிமுகத்தின்மேல் நடக்கும் வாணிகம். அறையில் வாழும் இளைஞனோ அரிசி மூட்டை வாங்குவதில்லை. எண்ணெயும் புளியும் அவனுக்கு வேண்டா. அவனுக்கு வேண்டுவன மெஸ், டீக்கடை, சலவைக் கடை, செராக்ஸ் கடை, கைப்பேசி பழுதுபார்க்கும் கடை, இரவில் புரோட்டாக் கடை ஆகியனவே. மதுரைக்காஞ்சி நாளங்காடியோடு அல்லங்காடியையும் வருணிக்கின்றது. ஆதலின் இரவு வாணிகம் இந்நகர்க்குப் புதிதன்று. ஆனால் இன்று உணவை அறைவாயிலுக்கே கொணர்பவனும் மற்றோர் இளைஞனே. அவனும் பெரும்பாலும் மற்றோர் அறையிற் குடியிருப்பவனே.

இவ்வாணிகத்தால் பலர் பிழைக்கின்றனர். சிறு முதலுடைய பெண்டிர் மெஸ் நடத்திப் பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றனர். எனினும் தேர்வு விடுமுறை வந்தவுடன் இக்கடைகள் வெறிச்சோடுகின்றன. கொள்வோர் ஆண்டுதோறும் மாறுவதால் கடனும் இல்லை, பழக்கமும் இல்லை.

6. ஏணிப்படியாகிய நகரம்

உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் மதுரை பட்டணம். சென்னைக்கும் பெங்களூருக்கும் அது நாட்டுப்புறம். சிற்றூர் இளைஞன் மதுரைக்கு வர, மதுரை இளைஞன் அப்பெருநகரங்களுக்குச் செல்கின்றான். 1895-இல் பெரியாற்று நீர் வையை வழியே வந்து செழிப்பித்த வயல்களின் நடுவே, முதியோர் மட்டும் காக்கும் வீடுகளைக் காண்கின்றோம்.

இளைஞரைக் குறைகூறுதல் முறையன்று. ஊதியம் மட்டுமே அவர்களை இழுக்கவில்லை. ஊரில் ஒருவன் என்றும் இன்னார் மகன், இன்ன தெருவினன். நகரில் அவன் தன் பெயராலேயே அறியப்படலாம் என்று நம்பி வருகின்றான். ஆனால் அறை கேட்டுச் சென்றால், “எந்த ஊர்? எந்தத் தெரு?” என்றே வினவுகின்றனர். அவ்வினாவின் உட்பொருளை யாவரும் அறிவர். “குடும்பத்தினர்க்கு மட்டும்” என்னும் பலகையும் தொங்குகின்றது. தான் விட்டுவந்த தெரு தனக்கு முன்னரே நகரில் வந்து நிற்கக் காண்கின்றான்.

7. செய்யத்தக்கன

முதலாவது, இளைஞரை அழைப்போர் அவர்க்கு உறைவிடம் தேடும் கடமையையும் ஏற்றல் வேண்டும். ஹார்விபட்டி காட்டிய வழியை, அதன் குறை களைந்து, இக்காலத் தொழில் நிறுவனங்களும் கல்லூரிகளும் பின்பற்றலாம். இரண்டாவது, சட்டத்தை நாம் அறிதல் வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தை வேண்டுகின்றது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து முன்பணம் மூன்று மாத வாடகையை மிஞ்சலாகாது என்கின்றது. மகளிர் விடுதிகளை முறைப்படுத்த 2014-ஆம் ஆண்டுச் சட்டம் உளது. விடுதி சேரும் மாணவியர் அதன் உரிமத்தைக் கேட்டறிதல் நலம். மூன்றாவது, முன்வந்தோர் பின்வருவோர்க்குத் துணையாதல் வேண்டும். புதிய மாணவன் அறை தேடும்போது உடன் சென்று, “இவரை நான் அறிவேன்” என்று சொல்லுதல் எளிய செயல். கவுந்தியடிகள் செய்ததும் அதுவே. பழைய மாணவருள் இந்நகரில் வீடுடையோர் பலர். ஊரும் தெருவும் வினவாமல் அவர்கள் ஓர் அறையை ஒருவர்க்கு விடுவாராயின், அதுவும் அடைக்கலமே.

வீடும் கடையும் நகரின் உடல். ஒருவரை ஒருவர் அறிதலே அதன் உயிர். கட்டில்களை மட்டும் பெருக்கும் நகரம் இளைஞரின் வாடகையைப் பெறுமேயன்றி அவர்தம் அன்பைப் பெறாது. மதுரையை விரும்பி வந்த நாம், நம் பின்னோர்க்கு அதனை வாழத்தக்க ஊராக ஆக்க முயல்வோமாக.