முதல் பயிற்சியாளர் பள்ளியில்தான் இருக்கிறார்

உடற்கல்விப் பாடவேளைக்கான மணி அடித்ததும் வகுப்பே மைதானத்துக்கு ஓடுகிறது. காலில் குறைபாடுள்ள ஒரு மாணவர் மட்டும் வேப்பமரத்தடியில், மற்றவர்களின் தண்ணீர்ப் பாட்டில்களுக்குக் காவலாக அமர்கிறார். விழுந்துவிடுவாரோ என்ற அக்கறையில்தான் அவரை நாம் உட்கார வைக்கிறோம். அந்த அக்கறையால் அவர் எதை இழக்கக்கூடும் என்பதை நம் சேலம் மாவட்டத்து வீரர் ஒருவரின் வாழ்க்கை சொல்கிறது.

பெரியவடகம்பட்டியில் 1995இல் பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து ஏறி, அவரது வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. தாயார் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்தார். பள்ளியில் கைப்பந்து விளையாடி வந்த மாரியப்பனை உயரம் தாண்டுதலுக்கு ஊக்கப்படுத்தியவர் அவருடைய உடற்கல்வி ஆசிரியர். 14 வயதில் கலந்துகொண்ட முதல் போட்டியில், உடற்குறைபாடு இல்லாத மாணவர்களோடு தாண்டி இரண்டாம் இடம் பெற்றார்.

2013இல் தேசிய மாற்றுத்திறனாளிகள் தடகளப் போட்டியில் பயிற்சியாளர் சத்தியநாராயணா அவரைக் கண்டார். 2015இல் பெங்களூருவுக்கு அழைத்துச் சென்று முறையான பயிற்சி அளித்தார். 2016 மார்ச்சில் துனிசியாவில் 1.78 மீட்டர் தாண்டி ரியோ பாராலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற மாரியப்பன், செப்டம்பரில் அங்கே 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். ஆறு மாதத்தில் 11 சென்டிமீட்டர் முன்னேற்றம்! 2021இல் டோக்கியோவில் மழையில் காலுறை நனைந்து தாண்டுவது கடினமானபோதும் 1.86 மீட்டருடன் வெள்ளி பெற்றார். 2024இல் பாரிசில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம் பெற்றார்.

இந்த வெற்றியில் இரு பயிற்சியாளர்களின் பணி இருக்கிறது. நுட்பத்தைச் செம்மைப்படுத்தியவர் சத்தியநாராயணா. ஆனால், அவர் கண்ணில் படும் இடத்துக்கு மாணவரைக் கொண்டு சேர்த்தது பள்ளி. திறமையைக் கவனிப்பது, களத்தில் இறக்குவது, உரிய நேரத்தில் அடுத்த பயிற்சியாளரிடம் ஒப்படைப்பது ஆகிய மூன்றும் பள்ளியிலேயே தொடங்க வேண்டியவை. தேர்வு நெருங்கும்போது விளையாட்டுப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொண்டால் முதல் படியே இல்லாமல் போகிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 விளையாட்டில் பங்கேற்பதையும் உரிமையாகவே கருதுகிறது. நம் வகுப்பில் அதை இவ்வாறு நடைமுறைப்படுத்தலாம்:

1. "உன்னால் முடியுமா?" என்று கேட்காமல், "எதை விளையாட விரும்புகிறாய்?" என்று கேட்போம்.

2. பெற்றோரிடமும், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர், இயன்முறை மருத்துவர் ஆகியோரிடமும் கலந்து பேசி, தவிர்க்க வேண்டிய அசைவுகளை அறிந்துகொள்வோம்.

3. உயரம் தாண்டுதலை மணல் குழியில், குறைந்த உயரத்தில் கட்டிய எலாஸ்டிக் கயிற்றோடு தொடங்கலாம். தடுக்கினாலும் கயிறு வளைந்து கொடுக்கும். நல்ல மெத்தை இல்லாத இடத்தில் முதுகுப்புறமாகத் தாண்டும் முறையைக் கற்பிக்கவே கூடாது.

4. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பதிவேட்டுப் பக்கம் ஒதுக்குவோம். சென்ற மாதம் 60 சென்டிமீட்டர், இந்த மாதம் 64 என்று அவரவர் முன்னேற்றத்தை அவரவர் பழைய அளவோடு ஒப்பிடுவோம்.

5. ஆர்வமும் முன்னேற்றமும் தெரிந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டிகள் குறித்து மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரித்து அனுப்பி வைப்போம்.

எல்லா மாணவரும் பதக்கம் வெல்லப்போவதில்லை. அது நம் நோக்கமும் அன்று. வகுப்பே விளையாடும்போது தானும் விளையாடினோம் என்ற நிறைவு ஒவ்வொரு குழந்தைக்கும் கிடைக்க வேண்டும். அடுத்த பாடவேளையில் அந்த மரத்தடியை ஒருமுறை பார்ப்போம். அங்கே யாராவது அமர்ந்திருந்தால், அவர் பெயரைச் சொல்லிக் களத்துக்கு அழைப்போம்.