கீரை கண்ணைக் காக்கும், புரையைக் கரைக்காது

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே உள்ள மீனவக் கிராமம் லைட்ஹவுஸ் குப்பம். அப்பகுதி மாணவி ஒருத்தி, வைட்டமின்கள் பற்றிய பாடத்தின்போது எழுந்து கேட்டாள்: "சார், கண்ணுக்கு நல்லதுன்னு எங்க தாத்தா ரெண்டு வருஷமா பொன்னாங்கண்ணிக் கீரை சாப்பிடுறாரு. ஆனா வலையைத் தைக்கும்போது கண்ணி தெரியலைங்கறாரு. இன்னும் எவ்வளவு நாள் சாப்பிடணும்?"

'கீரை கண்ணுக்கு நல்லது' என்று நாம் கற்பிக்கும் வரி உண்மைதான். ஆனால், அதைப் பாதியில் நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்தக் கேள்வி எனக்கு உணர்த்தியது.

கண்ணுக்குள் நடப்பது என்ன?

நம் விழி லென்ஸ் தெளிவாக இருக்கக் காரணம், அதிலுள்ள புரதங்கள் ஒழுங்காக அமைந்திருப்பதே. தோல் செல்களைப் போல இவை புதுப்பிக்கப்படுவதில்லை. லென்ஸின் மையத்தில் உள்ள புரதங்கள் நாம் தாயின் கருவில் இருந்தபோதே உருவானவை. வெயிலின் புற ஊதாக் கதிர், புகையிலை, சர்க்கரை நோய் ஆகியவற்றால் 'தனி உறுப்புகள்' எனப்படும் நிலையற்ற மூலக்கூறுகள் பெருகுகின்றன. அவை இப்புரதங்களை ஆக்சிஜனேற்றம் செய்து சிதைக்கின்றன. சிதைந்த புரதங்கள் திரண்டு லென்ஸ் மங்குவதே கண்புரை.

இதைத் தடுக்க உடலிலேயே காவல் உண்டு. கண்ணின் முன்னறைத் திரவத்தில் வைட்டமின் சி, இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். விழித்திரையின் மையப் பகுதியில் லூட்டின், சியாசாந்தின் என்னும் மஞ்சள் நிறமிகள் சேர்ந்திருக்கின்றன. வைட்டமின் சியையும் இந்த நிறமிகளையும் நம் உடலால் தயாரிக்க முடியாது. உணவிலிருந்துதான் பெற வேண்டும்.

ஆய்வுகள் சொல்வது

வட இந்தியாவிலும் தென்னிந்தியாவிலும் 60 வயதைக் கடந்த 5,600க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. இரத்தத்தில் வைட்டமின் சி அதிகம் இருந்தவர்களிடம் கண்புரை குறைவாகக் காணப்பட்டது. ஆனால், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 35 முதல் 50 வயதுக்குட்பட்ட 798 பேரிடம் ஐந்தாண்டுகள் நடந்த சோதனையின் முடிவு வேறு. பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, வைட்டமின் ஈ மாத்திரைகள் கொடுத்தும் கண்புரை வளர்வது குறையவில்லை. இது 2006இல் வெளியானது.

முதல் ஆய்வு காட்டுவது ஒரு தொடர்பை மட்டுமே. அதை நிரூபணமாகக் கொள்ள முடியாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வாழ்நாள் முழுவதும் உண்ணும் உணவு துணை செய்யலாம். நடுவயதில் சில ஆண்டுகள் விழுங்கும் மாத்திரை அதற்கு ஈடாகாது என்றே கொள்ளத் தோன்றுகிறது. மேலும், புகைபிடிப்போருக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும். கண் மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் வாங்கக் கூடாது.

மீனவர்களுக்கு இன்னொரு செய்தி. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் 838 நீர்த்தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு 1988இல் வெளியானது. புற ஊதாக் கதிர் அதிகம் பட்டவர்களுக்கு ஒருவகைக் கண்புரை கூடுதலாக வந்தது. நேர் வெயிலும் நீரில் பட்டுத் திரும்பும் வெயிலும் சேர்ந்து கண்ணைத் தாக்குகின்றன. அகன்ற விளிம்புள்ள தொப்பியும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் கீரையைப் போலவே கண்ணுக்குக் காவல்.

வகுப்பறையில் செய்து பார்க்க

1. கத்தரிக்காயை இரு துண்டுகளாக நறுக்குங்கள். ஒன்றில் மட்டும் எலுமிச்சைச் சாறு தடவுங்கள். அரை மணி நேரத்தில் மற்றது பழுப்பாகும். சாற்றின் புளிப்பும் வைட்டமின் சியும் ஆக்சிஜனேற்றத்தைத் தாமதப்படுத்துகின்றன. பழுத்துப்போன துண்டில் பிறகு சாறு தடவச் சொல்லுங்கள். பழைய நிலை திரும்பாது. இதுவே பாடத்தின் மையம்.

2. முட்டையின் வெள்ளைக்கருவைச் சூடாக்கிக் காட்டுங்கள். தெளிவாக இருந்த புரதம் வெண்மையாகிறது. இங்கே காரணம் வெப்பம், கண்ணில் காரணம் வேறு என்பதையும் சொல்லிவிடுங்கள்.

3. ஒரு வார உணவை மாணவர்கள் பட்டியலிடட்டும். முருங்கைக்கீரை, பப்பாளி, நெல்லிக்காய், கொய்யா, முட்டையின் மஞ்சள் கரு எத்தனை நாள் இடம்பெற்றன? மணற்பாங்கான கடலோரத்திலும் முருங்கை வளரும். கீரையைச் சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் நிறமிகள் உடலில் நன்கு சேரும். நெல்லியும் கொய்யாவும் பச்சையாக உண்பதே நல்லது. வேகவைத்தால் வைட்டமின் சி குறையும்.

4. 'வீட்டில் யாருக்குப் பார்வை மங்கலாக இருக்கிறது?' என்று கேட்டு வரச் சொல்லுங்கள். பெயர்களை வகுப்பில் வாசிக்க வேண்டாம்; பெற்றோரிடம் தனியே பேசுங்கள்.

சொல்லாமல் விடக்கூடாத வரி

வந்துவிட்ட கண்புரையைக் கீரையோ மாத்திரையோ சொட்டுமருந்தோ கரைக்காது. அறுவை சிகிச்சை ஒன்றே தீர்வு. அரசு மருத்துவமனைகளிலும் அரசு ஏற்பாடு செய்யும் கண் சிகிச்சை முகாம்கள் வழியாகவும் இது இலவசமாகக் கிடைக்கிறது. 1819இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இப்பகுதியிலிருந்து போய்வரக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது. மிகவும் முற்றவிட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் கூடிப் பார்வையே பறிபோகலாம்.

அந்த மாணவியிடம், "தாத்தாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லும்மா. கீரையை நீயும் சாப்பிடு" என்றேன். ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து, அவர் மீண்டும் வலை தைக்கிறார். பேத்தியின் தட்டிலும் இப்போது கீரை இருக்கிறது. அறுபது வயதில் அவளுக்கு வேண்டிய காவலை இந்த வயதிலேயே தொடங்க வேண்டும். அதைத் தொடங்கிவைக்க நம் வகுப்பறையைவிட நல்ல இடம் வேறில்லை.