செப்டம்பரில் ஃபீடரை இறக்க வேண்டாம்

ஒன்டாரியோவிலும் நியூ ஜெர்சியிலும் கொல்லைப்புறத்தில் ஹம்மிங்பேர்டுகளுக்குச் சீனித்தண்ணீர் வைக்கும் வீடுகள் பலவற்றில், லேபர் டே முடிந்த கையோடு ஃபீடரைக் கழற்றிக் கராஜில் வைத்துவிடும் பழக்கம் இருக்கிறது. குடிக்கக் கிடைக்கும்வரை பறவை தெற்கே போகாது, தங்கிவிட்டுக் குளிரில் செத்துப்போகும் என்ற பயம்தான் காரணம். பறவைமேல் உள்ள அக்கறையில் செய்வதுதான், ஆனாலும் தவறு. அந்தச் சிட்டுக்கு ஆண்டிலேயே அதிகமாகத் தீனி தேவைப்படும் வாரங்கள் இவை. ஃபீடரை இப்போது இறக்காதீர்கள். கடைசிப் பறவையைப் பார்த்த நாளுக்குப் பிறகும் இரண்டு வாரம் தொங்கட்டும்.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கூடு கட்டும் ஹம்மிங்பேர்டு ஒன்றே ஒன்றுதான்: ரூபித்ரோட்டட். அதைத் தெற்கே கிளப்புவது பகல் பொழுது குறைவது, பசி அல்ல. இதற்கான சான்று நம் தோட்டத்திலேயே கிடைக்கிறது. வளர்ந்த ஆண் பறவைகள் ஆகஸ்ட் மாதத்திலேயே புறப்படத் தொடங்குகின்றன. அப்போது ஓடைக்கரைகளில் ஜூவல்வீட் ஆரஞ்சு நிறத்தில் பூத்துக் கிடக்கும், கார்டினல் பூ சிவந்து நிற்கும், பூச்சிகளுக்கும் குறைவிராது. அத்தனை தீனியும் பிடித்து வைக்காத பறவையை நாம் தொங்கவிடும் ஒரு கப் சீனித்தண்ணீரா பிடித்து வைக்கப்போகிறது? அந்தக் கோடையில் பொரித்த குஞ்சுகள் வழிகாட்ட யாருமில்லாமல், முன்பின் பார்த்திராத தெற்கை நோக்கித் தனித்தனியாகக் கிளம்புகின்றன. புறப்படும் காலம் அவற்றின் உடம்பிலேயே எழுதியிருக்கிறது.

ஃபீடர் பறவையைப் பிடித்து வைப்பதில்லை, அது கிளம்புவதற்கு உதவுகிறது. சாதாரண நாளில் ரூபித்ரோட்டட் சுமார் 3 கிராம் எடை இருக்கும். பயணத்துக்கு முன் கொழுப்பேறி அந்த எடை ஏறக்குறைய இரட்டிப்பாகலாம். பல பறவைகள் மெக்சிகோ வளைகுடாவை நேராகக் கடக்கின்றன. 800 கிலோமீட்டர் அளவுக்கு இறங்க இடமில்லாத கடல். மற்றவை டெக்சஸ் கரையோரமாகச் சுற்றிப் போகின்றன. எந்த வழியானாலும் இடையிடையே நின்று கொழுப்புச் சேர்த்தாக வேண்டும். செப்டம்பரில் உங்கள் வீட்டில் குடிப்பது கோடை முழுக்கப் பார்த்துப் பழகிய பறவையாக இல்லாமல், இன்னும் வடக்கிலிருந்து வந்து ஓரிரு நாள் தங்கிப்போகும் வழிப்போக்கனாகவும் இருக்கலாம். குளிர்ந்த இரவுகளில் உடல் வெப்பத்தைத் தாழ்த்திச் செயலற்றுக் கிடந்து, விடிந்ததும் அது தேடுவது உடனடிச் சக்தி. முதல் உறைபனியில் பூக்கள் கருகிய பிறகு வந்து சேரும் பறவைக்கு உங்கள் ஃபீடரை விட்டால் வேறு கதி குறைவு.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதை ஒதுக்கிவிடக் கூடாது. மேற்குக் கரையில் அன்னாஸ் ஹம்மிங்பேர்டு ஒரு காலத்தில் கலிஃபோர்னியாப் பக்கமே இருந்தது. இன்று சியாட்டிலிலும் வான்கூவரிலும் குளிர்காலம் முழுக்கத் தங்குகிறது. வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட பூச்செடிகளும் ஃபீடர்களும் அதற்குத் துணைசெய்தன என்பது உண்மை. ஆனால் அது நெடுந்தூரம் வலசை போகும் இனமல்ல. தலைமுறை தலைமுறையாக வடக்கே பரவியதே தவிர, கிளம்பவிருந்த பறவை சீனித்தண்ணீரைக் கண்டு பயணத்தைக் கைவிட்ட கதை அங்கே இல்லை. வான்கூவரில் இருப்பவர்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் அறிவுரையும் நேர்மாறானது: குளிர்காலத்திலும் ஃபீடரை எடுக்காதீர்கள், இரவில் உறைந்திருந்தால் விடியுமுன் உறையாத சீனித்தண்ணீராக மாற்றிவிடுங்கள்.

ஃபீடரால் உண்மையிலேயே கெடுதல் வரும் இடம் ஒன்று உண்டு. அது நாட்காட்டியில் இல்லை, குடுவைக்குள் இருக்கிறது. ஒரு கப் வெள்ளைச் சீனிக்கு நான்கு கப் தண்ணீர். கரைத்து ஆறவைத்து ஊற்றினால் போதும். வெள்ளைச் சீனி நம் உடம்புக்கு ஆகாது என்று நாட்டுச்சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் மாறிய வீடுகளில், பறவைக்கும் அதையே கொடுக்கத் தோன்றுவது இயல்பு. கொடுக்காதீர்கள். சுத்திகரிக்காத சர்க்கரையில் உள்ள இரும்புச்சத்து இந்தச் சிறிய உடம்புக்கு அதிகம். தேன் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். சிவப்புச் சாயமும் வேண்டியதில்லை, ஃபீடரின் சிவப்பு மூடியே பறவையை அழைத்துவிடும். பூப்போன்ற துளையின் உள்விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் ஒட்டியிருந்தால் அது பூஞ்சை. தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தால் புளிக்கத் தொடங்கிவிட்டது. வெயில் நாட்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையும், குளிர் வந்த பிறகு நான்கைந்து நாளுக்கு ஒருமுறையும் மிச்சத்தைக் கொட்டிவிட்டு, வெந்நீரும் வினிகரும் விட்டுப் பிரஷால் தேய்த்து, நன்றாக அலசி நிரப்புங்கள். இதற்கு நேரமில்லாதவர்கள் ஃபீடரை இறக்கிவிடுவதுதான் நியாயம். அவர்களுக்கு மட்டும் அந்தப் பழைய வழக்கத்தை நான் ஒப்புக்கொள்வேன்.

கண்ணாடி ஜன்னலில் மோதாமலிருக்க, ஃபீடரை ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் மாட்டுங்கள், இல்லையேல் பத்து மீட்டருக்கு அப்பால். இந்த மாதம் குளவித் தொல்லை கூடும். அதற்காக மருந்து அடித்துவிடாதீர்கள், சிட்டு பிடித்துத் தின்னும் சிறு பூச்சிகளும் சிலந்திகளும் அதில் போய்விடும். குளவி எட்டாத தட்டு வடிவ ஃபீடர் போதும்.

இப்போது வருபவை பெரும்பாலும் பெண்களும் இளம் பறவைகளும் என்பதால் தொண்டை வெளுத்திருக்கும். அதில் ஓரிரண்டு சிவப்பு இறகு மட்டும் மினுங்கினால் அது இந்த ஆண்டு பிறந்த ஆண். அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ ஒன்று வந்தால், அது மேற்கிலிருந்து தடம் மாறி வந்த ரூஃபஸ் ஹம்மிங்பேர்டாக இருக்கலாம். படமெடுத்து இ-பேர்ட் தளத்தில் தேதியோடு பதியுங்கள், அது போகும்வரை ஃபீடரையும் விட்டுவையுங்கள்.