தகரக் கூரையின் கீழ் ஒரு தட்டி: செலவும் பயனும்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு முதலில் கிடைப்பது தகரக் கூரையே. அது மழையைத் தடுக்கும், வெக்கையைத் தடுக்காது. பகலில் குழந்தையை உறங்க வைப்பதும், விதைநெல்லைக் கெடாமல் வைத்திருப்பதும் கடினமாகிறது. இதற்கு நாம் என்ன செய்யலாம்? எவ்வளவு செலவிடலாம்?

வெயிலில் காய்ந்த தகரம், தணலைப் போலத் தன் வெப்பத்தைக் கீழே வீசுகிறது. யன்னலைத் திறப்பதால் மட்டும் இது நிற்காது. இடையில் ஒரு மறைப்பு வேண்டும்.

செய்யும் முறை

1. கிடுகுகளை மெல்லிய தடிகளில் கட்டித் தட்டிகளாக்குவோம்.

2. தகரத்துக்கும் தட்டிக்கும் இடையே 4 அங்குலமாவது இடைவெளி விடுவோம். ஒட்டியிருந்தால் வெப்பம் நேரே இறங்கும்.

3. தாழ்வாரத்திலும் முகட்டின் இரு முனைகளிலும் காற்றுக்கு வழி விடுவோம். சூடான காற்று மேலால் வெளியேறும்.

4. ஆணி அறையாது கயிற்றால் கட்டுவோம். கறையானுக்கும் எலிக்கும் அடிக்கடி பார்ப்போம்.

5. அடுப்புக்கு மேலே தட்டி கட்டவே கூடாது. தீப்பொறி ஒன்றே போதும்.

கிடுகைத் தகரத்தின் மேல் போட்டாலும் நிழல் கிடைக்கும். ஆனால் நனைந்த ஓலை ஈரத்தைப் பிடித்து வைத்துத் தகரத்தைத் துருப்பிடிக்கச் செய்யும். கீழே கட்டிய கிடுகு மழை வெயில் படாததால் அதிக காலம் உழைக்கும்.

செலவைக் கணிப்பது

விலையை மட்டும் பார்க்காமல், அதை உழைக்கும் வருடங்களால் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு கணக்குக்காக, கிடுகுத் தட்டிக்கு 6,000 ரூபா, 3 வருடம் உழைக்கும் என்போம்: வருடத்துக்கு 2,000 ரூபா. அலுமினியத் தாள் விரிப்புக்கு 15,000 ரூபா, 10 வருடம் என்போம்: வருடத்துக்கு 1,500 ரூபா. விரிப்பே மலிவு போலத் தோன்றும். ஆனால் அதற்காக வட்டிக்குக் கடன் பட்டால் அந்த வட்டியையும் கூட்ட வேண்டும். விதைப்புக் காலத்தில் இரண்டு நாள் வேலையை விட்டால் அந்தக் கூலியும் செலவே.

இன்னொரு கேள்வி எமக்கு மிக முக்கியமானது: நாளை இவ்விடம் விட்டுப் போக நேர்ந்தால் எதைக் கொண்டு போகலாம்? கயிற்றால் கட்டிய தட்டியை அவிழ்க்கலாம், விரிப்பைச் சுருட்டலாம். சுவரோடு சேர்த்துப் பூசியதை விட்டுத்தான் போக வேண்டும். காணி உறுதியாகும் வரை, கழற்றக்கூடியதிலேயே காசைப் போடுவது புத்தி.

கையில் காசு குறைவாயின், குழந்தையும் முதியவரும் படுக்கும் மூலைக்கு மேல் மட்டும் முதலில் கட்டுவோம். மிகுதியை அறுவடைக்குப் பின் பார்க்கலாம்.

கலந்துரையாட: எமது ஊரில் கிடுகு பின்னத் தெரிந்தவர் யார்? ஐந்து குடும்பங்கள் மாறி மாறி உதவினால் எவ்வளவு கூலி மிஞ்சும்?