இருசக்கர உழவு யந்திரத்தின் எஞ்சினைப் பேணும் முறை

ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்றுப் பகுதி வட்டைகளில் எருமைகளைக் கொண்டு சேறு மிதித்து வேளாண்மை செய்த காலம் மாறிவிட்டது. ‘லாண்ட்மாஸ்டர்’ என்று ஊரில் வழங்கும் இருசக்கர உழவு யந்திரம் இன்று உழவுக்கும், பெட்டி பூட்டி நெல்லும் உரமும் ஏற்றுவதற்கும் பயன்படுகிறது. பெரும்போகத்தில் மழை இறுகுவதற்கு முன் விதைத்து முடித்தல் வேண்டும். அந்நாட்களில் யந்திரம் பழுதுற்று நின்றால், பழுது பார்க்கும் செலவைவிடப் பருவம் தவறுவதால் வரும் நட்டமே பெரிதாகும். ஆதலின் கீழ்க்காணும் முறைகளைக் கமக்காரர் ஒழுங்காகக் கைக்கொள்ளல் நன்று.

1. எஞ்சின் ஒயில்

பிரதி தினமும் காலையில், எஞ்சினை இயக்குமுன், யந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி அளவுக் கம்பியால் ஒயில் மட்டத்தைப் பார்த்தல் வேண்டும். மட்டம் இரு குறிகளுக்கும் இடையில், மேற்குறியை ஒட்டி இருத்தல் நலம். ஒயில் பால் போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது. அந்நிலையில் எஞ்சினை இயக்கலாகாது.

ஒயில் மாற்றும் காலத்தை மாதத்தால் கணக்கிடுதல் தவறு. ஓடிய மணி நேரத்தாலேயே கணக்கிடல் வேண்டும். இவ்வகை டீசல் எஞ்சின்கள் பலவற்றுக்கு 100 மணி நேரத்திற்கு ஒரு முறை ஒயில் மாற்றுதல் பொதுவிதி. யந்திரத்துடன் வந்த கைந்நூலில் வேறு அளவு கூறப்பட்டிருப்பின் அதையே பின்பற்றுக. நாளொன்றுக்கு 8 மணி நேரம் உழும் யந்திரத்திற்கு 100 மணி நேரம் 12 அல்லது 13 நாட்களில் நிறைந்துவிடும். எனவே போகத்திற்கு ஒரு முறை மட்டும் ஒயில் மாற்றுவோர், கரிந்து வலுவிழந்த ஒயிலிலேயே பெரும்பகுதி வேலையையும் செய்கின்றனர். எஞ்சின் சூடாயிருக்கும்போது பழைய ஒயிலை வடித்தால் கசடு முழுவதும் வெளியேறும். வடித்த ஒயிலை வாய்க்காலில் ஊற்றலாகாது. அது பயிருக்கும் மீனுக்கும் கேடாகும்.

2. காற்று வடி

மழைக்கு முன் செய்யும் புழுதி உழவின்போதும், மணற்பாதையில் பெட்டி இழுக்கும்போதும் தூசி மிகுதி. அத்தூசி உட்புகுந்தால் பிஸ்டன் ரிங்குகளையும் லைனரையும் அரம் போல் அராவிவிடும். ஒயில் உள்ள காற்று வடியில், உள்ளே வரும் காற்று ஒயிலின்மீது மோதித் திரும்புகையில் தூசி ஒயிலில் படிந்துவிடுகிறது. தூசி மிக்க நாட்களில் இவ்வடியைத் தினமும் திறந்து பார்த்து, சேறு படிந்திருந்தால் கிண்ணத்தையும் வலையையும் டீசலில் கழுவி, குறி வரை புதிய ஒயில் விடுதல் வேண்டும். குறிக்கு மேல் விட்டால் எஞ்சின் அதனை உறிஞ்சிக் கட்டுக்கடங்காமல் ஓடவும் கூடும். கடதாசி வடிக்கு ஒயில் இடலாகாது.

3. குளிரூட்டும் நீர்

கடலையும் களப்பையும் அடுத்த கிணறுகள் சிலவற்றின் நீர் உவர்ப்பானது. அந்நீர் எஞ்சினின் உட்சுவரில் உப்பாகப் படிந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். இரும்பையும் துருப்பிடிக்கச் செய்யும். மழைநீரையோ நன்னீரையோ துணியில் வடித்து ஊற்றுக. சில யந்திரங்களின் நீர்த்தொட்டியில் சிவப்பு மிதவை உண்டு. அது தாழ்ந்தால் நீர் குறைந்தது என அறிக. நீர் வற்றிச் சூடேறிய எஞ்சினில் உடனே குளிர்நீர் ஊற்றினால் இரும்பு வெடித்துவிடும். எஞ்சினை நிறுத்தி, ஆறிய பின்னரே ஊற்றுதல் வேண்டும்.

4. டீசல்

டீசலைப் பரல்களில் வாங்கி வைப்போர் அதனை ஒரு நாளேனும் தெளிய விட்டு, மெல்லிய துணியில் வடித்து ஊற்றுக. வேலை முடிந்த மாலையிலேயே தாங்கியை நிரப்பிவிட்டால், இரவுக் குளிரில் உள்ளே நீர் கசிந்து சேர இடமிராது. சிறு நீர்த்துளியும் மணலும் நொசிலைப் பழுதாக்கும்.

5. புகை கூறும் செய்தி

கரும்புகை தொடர்ந்து வந்தால் காற்று வடி அடைபட்டுள்ளது, அல்லது சுமை மிகுதி. நீலப்புகை எஞ்சின் ஒயில் எரிவதைக் காட்டும், ரிங்குகள் தேய்ந்திருக்கலாம். இவற்றைக் கண்டவுடன் மெக்கானிக்கிடம் காட்டினால் சிறு செலவோடு முடியும்.

6. போகம் முடிந்த பின்

யந்திரத்தைக் கழுவி, நீரை முழுதும் வடித்து, புதிய ஒயில் இட்டு, வால்வுகள் இரண்டும் மூடும் நிலையில் பறக்கும் சக்கரத்தை நிறுத்தி, மழை படாத இடத்தில் வைத்தல் வேண்டும். மூடிய கொட்டிலுக்குள் எஞ்சினை ஓட்டலாகாது. அதன் புகை உயிருக்கு ஆபத்தானது. சாரம் கட்டியவர், பெல்ட் அருகே செல்லுமுன் அதனை மடித்து இறுகக் கட்டுக.

கூலிக்கு உழும் யந்திரம் பலர் கைமாறுவதால், ஓடிய மணி நேரம் ஒருவர் நினைவிலும் நிற்பதில்லை. ஒரு சிறு கொப்பியை யந்திரத்துடன் வைத்து, ஒவ்வொரு மாலையும் அன்று ஓடிய நேரத்தையும், ஒயில் மாற்றிய நாளையும் ஓட்டுபவர் எழுதி வருவாராக. காலையில் பத்து நிமிடமும் மாலையில் ஒரு வரியும் செலவிடும் கமக்காரருக்கு விதைப்பு நாளில் யந்திரம் கைகொடுக்கும்.