பஸ் காசோடு ஒரு துறைமுக நகரம்

கொரியத் தொடர்களில் பூசான் கடற்கரையைப் பார்த்துப் பார்த்து, "அக்கா, ஒரு நாளாவது அங்கே போய் நடக்கணும்" என்கிறாய். நடப்பாய், தங்கச்சி. அதற்கும் காலம் வரும். ஆனால் அந்தத் தொடர்களில் வருகிறவர்கள் பூசானில் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தாயா? ஹேயுண்டே மணலில் நடக்கிறார்கள், அலையைப் பார்த்து உட்கார்ந்து பேசுகிறார்கள், மீன் சந்தையைச் சுற்றுகிறார்கள். இதில் எதற்கும் டிக்கெட் கிடையாது. வாசுதேவநல்லூரில் காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஒரு துறைமுக நகரத்திலும் இதெல்லாம் உண்டு. இந்த லீவுக்கு உன் தோழியையும் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய் வா.

அங்கே செலவைக் கூட்டுவதும் குறைப்பதும் நீ எந்த நேரத்தில் எங்கே நிற்கிறாய் என்பதுதான். உச்சி வெயிலில் கடற்கரையில் போய் நின்றால் பத்து நிமிஷம்கூடத் தாங்காது. நிழல் தேடி ஆட்டோ, ஜூஸ் கடை, ஏசி ஹோட்டல் என்று கையில் இருப்பது கரைந்துவிடும். விடிகாலையிலும் பொழுது சாயும்போதும் கடலோரத்தில் இரு. நடுப்பகலை வீட்டுக்குள்ளோ கோயில் நிழலிலோ கழி. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவதுதான் என் கணக்கு. ராத்திரி தங்க லாட்ஜ் வேண்டாம். நம் பக்கத்துக் குடும்பங்களில் தூத்துக்குடியில் ஒரு சித்தியோ மதினியோ இல்லாத வீடு குறைவு. அம்மாவை முன்கூட்டியே போன் பண்ணச் சொல். வெறுங்கையோடு மட்டும் போகாதே. புளியங்குடி எலுமிச்சை ஒரு பை கொண்டுபோனால் சித்தி முகம் மலர்ந்துவிடும். கடற்கரை ஊரில் மீன் பொரிக்கிற வீட்டுக்கு இதைவிட நல்ல சீர் எது?

சங்கரன்கோவில், கோவில்பட்டி, எட்டயபுரம் வழியாகப் போகலாம். திருநெல்வேலி சுற்றியும் போகலாம். வெளியூர் பஸ்ஸுக்குக் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். இறங்கிய பிறகு அரசு டவுன் பஸ்ஸில் நமக்குக் காசில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் எல்லோருக்கும் இலவசம். எந்த ஊர், என்ன வருமானம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் எல்லா பஸ்ஸுக்கும் இது பொருந்தாது. முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணமோ மகளிர் இலவசம் என்ற ஸ்டிக்கரோ இருக்கிறதா என்று பார், இல்லாவிட்டால் ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடு. அவர் தரும் கட்டணமில்லா டிக்கெட்டை இறங்கும்வரை கையில் வைத்துக்கொள்.

சனிக்கிழமை என்று நான் சொல்வதற்குக் காரணம் திரேஸ்புரம். அங்கிருந்து கடலுக்குப் போகும் நாட்டுப்படகுகளில் பல, வாரக் கடைசியில்தான் கரை திரும்பும். அன்றைக்கு ஏலம் களைகட்டும். சீலா, பாறை, விளமீன், ஊளி என்று கூறு கூறாகக் கொட்டியிருக்கும். ஏலம் விடுகிறவர் சொல்லும் விலை ஒரு மூச்சுக்குள் எங்கேயோ ஏறிவிடும். யார் கேட்டார், யாருக்கு முடிந்தது என்று பழகாத கண்ணுக்குப் பிடிபடாது. இரண்டு மூன்று கூறு பார்த்த பிறகுதான் புரிய ஆரம்பிக்கும். நல்ல வாரமா, மோசமான வாரமா என்று அங்கே நிற்கிறவர்கள் முகத்திலேயே தெரியும். கச்சான் காற்று பலமாக அடிக்கிற நாட்களில் படகுகள் கரையிலேயே கிடக்கும், அதனால் கிளம்பும் முன் சித்தியிடம் கேட்டுக்கொள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் போகாது, நாட்டுப்படகுகள் போகும்.

அங்கே நிற்கும் விதமும் முக்கியம். அது அவர்கள் வேலை செய்யும் இடம். கூடை தூக்கி வருகிறவர்களின் வழியை மறிக்காமல் ஓரமாக நில். போனை நீட்டும் முன் "அண்ணாச்சி, ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டுமா?" என்று கேள். வேண்டாம் என்றால் விட்டுவிடு. மீன் தரம் பிரிக்கும் அக்காமார்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார். எந்த மீன் எந்தக் குழம்புக்கு என்று அவர்கள் சொல்வது எந்தச் சமையல் வீடியோவிலும் கிடைக்காது. நழுவாத செருப்பு போட்டுக்கொள், தரை எப்போதும் ஈரம்.

மறுநாள் விடியலைத் தவறவிடாதே. நம் ஊரில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தோம். தூத்துக்குடி கிழக்கு பார்த்த கரை, அங்கே கடலிலிருந்து ஏறுவதைப் பார்க்கலாம். பீச் ரோட்டில் ரோச் பூங்கா பக்கமோ முத்துநகர் கடற்கரையிலோ வெளிச்சம் வருவதற்கு அரை மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார். தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. உனக்கு நீச்சல் தெரியாது, கணுக்கால் அளவு போதும். இன்னொன்று உனக்குப் பிடிக்கும்: சங்கரன்கோவில் பக்கம் ஓடுகிற நிட்சேப நதி வைப்பாற்றில் சேர்ந்து, தூத்துக்குடிக்கு வடக்கே இதே மன்னார் வளைகுடாவில்தான் கலக்கிறது.

அங்கிருந்து நடந்தே பனிமய மாதா பேராலயத்துக்குப் போய்விடலாம். 1713இல் கட்டிய கோயில். உள்ளே இருக்கும் மாதா சுரூபம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது அங்கே வழிவழியாகச் சொல்லும் வரலாறு. ஞாயிறு காலையில் திருப்பலி நடக்கும். பின்வரிசையில் அமைதியாக உட்காரலாம், யாரும் உன்னை வேற்றாளாகப் பார்க்க மாட்டார்கள். ஆண்டுதோறும் ஜூலை 26இல் கொடி ஏறி ஆகஸ்ட் 5இல் திருவிழா நிறையும். எல்லா மதத்து ஜனமும் கூடும். லீவு அந்த நாட்களில் அமைந்தால் விடாதே.

கோயிலுக்குப் பக்கத்திலேயே பழைய துறைமுகம். புதுத் துறைமுகத்துக்குள் அனுமதி இல்லாமல் விட மாட்டார்கள், அதற்காக அலைய வேண்டாம். எனக்குப் பழைய துறைமுகப் பக்கம்தான் பெரிது. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, வெள்ளைக்காரன் கம்பெனியை எதிர்த்துக் கொழும்புக்குக் கப்பல் விட்டது இந்தக் கரையிலிருந்துதான். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த ஒரு வக்கீல், ஊரிடம் பங்குப் பணம் திரட்டி 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டே வருஷத்தில் சிறைக்குள் தள்ளினார்கள். போகும் முன் அவர் கதையை ஒரு தடவை படித்துவிட்டுப் போ. தெரிந்து பார்த்தால் அந்தக் கடல் வேறு மாதிரி இருக்கும்.

உப்பளம் பார்க்கத் தனியாகப் போக வேண்டாம். திருச்செந்தூர் ரோட்டில் முத்தையாபுரம் தாண்டினால் பஸ் ஜன்னலிலிருந்தே தெரியும். மழைக்காலத்தில் பாத்தியெல்லாம் தண்ணீர்தான், கோடையில்தான் வெள்ளைக் குவியல்கள். அந்தக் கூசும் வெளிச்சத்தில் நாள் முழுக்க நின்று உப்பு வாருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். குவியல்மேல் ஏறிப் போட்டோ எடுக்கிற பழக்கம் உனக்கு வேண்டாம்.

அந்த ரோடு போய்ச் சேரும் திருச்செந்தூரை இந்தப் பயணத்தோடு சேர்க்காதே. ஞாயிறு கூட்டத்தில் நிம்மதியாகப் பார்க்க முடியாது. பிறகு ஒரு புதன்கிழமையில் அதற்கென்றே போ. பொது தரிசன வரிசைக்குக் காசில்லை, கோயில் அன்னதானமும் உண்டு. அமாவாசை, பௌர்ணமி ஒட்டிச் சில நேரம் கடல் உள்வாங்கிப் பாசி படிந்த பாறைகள் வெளியே தெரியும். கரையிலிருந்தே பார், அதில் கால் வைத்தால் வழுக்கிவிடும்.

சாப்பாட்டுக்கு, கிளம்பும்போதே புளிச்சோறும் துவையலும் கட்டிக்கொள், தண்ணீர் பாட்டில் ஆளுக்கு இரண்டு. கட்டுச்சோறு தீர்ந்தால் அம்மா உணவகம் இருக்கிறது, அங்கே ஒரு ரூபாய்க்கு ஒரு இட்லி. எதற்காவது காசு செலவழிக்க மனசு வந்தால் மக்ரூன் நூறு கிராம் வாங்கு. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றும்தான், வேறொன்றும் இல்லை. பையின் மேல்பக்கம் வை, அழுத்தினால் நொறுங்கிப்போகும்.

ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடு. சாயங்காலம் எல்லோரும் ஊர் திரும்புவார்கள், நின்றுகொண்டுதான் வர வேண்டியிருக்கும். கோவில்பட்டியில் மாறும்போது எனக்கு ஒரு போன் பண்ணு.