கவிழ்த்துப் போட்டுப் பெயிண்ட் அடி

அன்பு மருமகனுக்கு,

நாலடி மீன்தொட்டிக்கு ஸ்டாண்டை நீயே வெல்டிங் வைத்து, நீயே பெயிண்ட் அடித்து, மாடி முன்னறையில் நிறுத்தப் போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். பால்கனியைத் தடுத்து ஃபில்டர், மோட்டார் வைக்க ஓர் அறையும் போடுகிறாயாமே. கையால் ஒன்றைச் செய்து பார்க்கிற ஆசை உனக்கு வந்ததில் அத்தைக்கு ஏக சந்தோஷம். தாத்தாவின் கை அது. ஆனால் அந்த முன்னறைக்கு நேர் கீழேதான் அப்பாயியின் கட்டில் கிடக்கிறது. பாப்பாவும் மதியத்தில் அங்கேதான் தூங்குகிறாளாம். அதைக் கேட்டதிலிருந்து அத்தைக்கு மனசு ஒரு நிலையில் இல்லை.

முதலில் பாரத்தைக் கணக்குப் பார். நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் விளிம்புவரை 450 லிட்டர் தண்ணீர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 12 மி.மீ. கண்ணாடி மட்டுமே 90 கிலோவை ஒட்டி வரும். மணல், கல், இரும்பு ஸ்டாண்டு, அடியில் வைக்கிற சம்ப் தொட்டி எல்லாம் சேர்ந்தால் 600 கிலோவைத் தாண்டிவிடும். அத்தனையும் எட்டுச் சதுர அடியில் இறங்குகிறது. சதுர மீட்டருக்கு 800 கிலோ. வீட்டு அறைகளுக்கு ஐ.எஸ். 875 என்கிற இந்தியத் தரவிதி கணக்கில் எடுக்கச் சொல்வது சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். வைத்த உடனே இடிந்துவிடும் என்று அர்த்தமில்லை. தளம் பாரத்தைப் பரப்பி வாங்கிக்கொள்ளும். சுவரை ஒட்டியோ பீமுக்கு மேலேயோ நின்றால் தாங்கும் சக்தி கூடும். ஆனால் அறையில் கூடுகிற விருந்தாளிகள் வந்து போய்விடுவார்கள், தொட்டி இரவும் பகலும் வருஷக்கணக்கில் அதே இடத்தில் நிற்கும். நல்ல தளத்திலேயே ஒரு இன்ஜினீயரை அழைத்துக் காட்டிவிட்டுத்தான் வைக்க வேண்டும். அந்த முன்னறைத் தளம் எப்படிப் போட்ட தளம் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

1994-ல் மாடி எடுத்தபோது முன்னறைக்குக் குறுக்கே ஒரு பீம் ஓட்டச் சொன்னவர் தாத்தா. தேவையில்லை என்று மேஸ்திரி சொன்னார், உன் அப்பாவும் தலையாட்டினார். சிமெண்டுக்கும் கம்பிக்கும் ஆகிற கூடுதல் செலவு அப்போது பெரிதாகத் தெரிந்தது. முதல் ஐப்பசி மழையிலேயே கீழ்த்தளக் கூரையின் அடியில், ஜன்னல் மூலையிலிருந்து மின்விசிறிக் கொக்கிவரை ஒரு கோடு விழுந்தது. அது மேல்பூச்சு விரிசலா, தளமே விட்டதா என்று யாரும் கொத்திப் பார்க்கவில்லை. பட்டி வைத்து மூடினார்கள். அதன்மேல் டிஸ்டெம்பர் அடிக்கத் தாத்தாவையே ஏணியில் ஏற்றினார்கள். வாழ்நாள் முழுக்கப் பழுதை மூடிப் பெயிண்ட் அடிக்காத மனிதரை அன்றைக்கு அடிக்க வைத்தார்கள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. உன் அப்பா மேல் அத்தைக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். வருத்தம் இன்னும் ஆறவில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து 1928-ல் திருச்சிக்கு வந்த பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தாத்தா பெயிண்ட் ஷாப்பில் இருந்தார் என்பது உனக்குத் தெரியும். அங்கே அவர் கற்றதில் உன் ஸ்டாண்டுக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. பெயிண்ட் வேலையில் பெயிண்ட் அடிப்பது கடைசிப் பகுதி. வெல்டிங் முடிந்ததும் மேலே படிந்திருக்கும் கசடைச் சுத்தியலால் தட்டி எடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டு அடித்தால் பெயிண்ட் கசடைப் பிடித்துக்கொள்ளும், கசடு இரும்பை விட்டுக் கழன்றுவிடும். பிறகு கம்பி பிரஷ், உப்புத்தாள். பிறகு தின்னரில் நனைத்த துணி. பைப்பின் எண்ணெய்ப் பிசுக்கு போகாவிட்டால் எந்த பிரைமரும் ஒட்டாது. தேய்த்த அன்றைக்கே ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடித்துவிட வேண்டும், வெறும் இரும்பை ஒரு ராத்திரி ஈரக்காற்றில் விட்டால் காலையில் துரு பூத்திருக்கும். ஒட்டு வைத்த இடங்களுக்கும் முனைகளுக்கும் முதலில் சின்ன பிரஷால் தனியாக ஒரு கோட். கூரான முனையில் பெயிண்ட் நிற்காமல் விலகும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். எனாமல் இரண்டு கோட், இரண்டும் மெல்லிசாக. ஒரே தடவையில் கெட்டியாக இழுத்தால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே கிடந்து, சுருங்கிப்போகும்.

இதில் ஒன்றை மட்டும் அத்தை விட்டுக்கொடுக்க மாட்டாள். ஸ்டாண்டைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்திலிருந்து ஆரம்பி. தாத்தா ஒரு வேலை முடிந்தது என்று சொல்வதற்கு முன்னால் சவரக் கண்ணாடியை எடுத்து பெஞ்சுக்கு அடியில் நீட்டிப் பார்ப்பார். அடியில் சிவப்பு தெரிந்தால் மறுபடி பிரஷ்ஷை எடுப்பார். கொளத்தூர் பக்கம் போனால் அவர் சொன்னதன் நியாயம் தெரியும். சென்னையின் வண்ணமீன் வியாபாரம் நடக்கிற இடம், அத்தை வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். வரிசை வரிசையாக ஆங்கிள் ஸ்டாண்டுகள் நிற்கும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். காலடியில் குனிந்து பார்த்தால், தண்ணீர் தேங்குகிற இரண்டு விரல் உயரத்துக்கு இரும்பு ஏடு ஏடாக உரிந்து, பெயிண்ட் வெறும் உறையாக நிற்கும். விரலால் அழுத்தினால் உள்ளே போகும். சதுர பைப்பில் செய்கிறாய் என்றால் வாய்களை வெல்டிங் வைத்து அடைத்துவிடு. திறந்த பைப்பு உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே தெரியும்போது பாதி போயிருக்கும்.

பிளைவுட் பலகை போடுவதானால் ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்கு. பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம், ஓரத்தில் தண்ணீர் ஏறினால் ஊதிப்போகும். ரசமட்டம் வைத்து நான்கு மூலையும் பார். தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் ஷீட் போடுவது மணல்துகள் கண்ணாடியைக் குத்தாமல் இருக்கத்தான், கோணல் ஸ்டாண்டை அது நேராக்காது.

பெரிய கம்பெனிகள் செய்தாலும் தண்ணீர் தண்ணீர்தான். பெர்லினில் ஒரு ஹோட்டலுக்குள் நின்ற அக்வாடோம் என்கிற ராட்சத மீன்தொட்டி 2022 டிசம்பர் 16 அன்று விடியற்காலையில் வெடித்தது. பத்து லட்சம் லிட்டர், ஏறக்குறைய 1,500 மீன்கள். தண்ணீர் தெருவரை ஓடியது. அந்த நேரத்தில் ஹாலில் கூட்டம் இல்லாததால் இரண்டு பேருக்குச் சின்னக் காயத்தோடு போயிற்று. அக்ரிலிக் ஒட்டு விட்டிருக்கலாம், அடிப்பீடத்தில் பழுது இருந்திருக்கலாம் என்றெல்லாம் நிபுணர் ஆராய்ந்தும் இன்னதுதான் காரணம் என்று அறுதியிட முடியவில்லை. ராத்திரி தூங்காதபோது இதையெல்லாம் படிக்கிறாள் அத்தை.

மெஷின் அறை விஷயத்துக்கு வருவோம். கரண்ட் போனதும் மோட்டார் நிற்கும், மேல்தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீர் சம்ப்புக்கு இறங்கும். உன் தொட்டியில் ஓர் அங்குலம் என்பது 19 லிட்டர். சம்ப்பில் அதற்கு இடம் விட்டிருக்கிறாயா என்று மீன் விடுவதற்கு முன்னால் மெயினை அணைத்துப் பார்த்துவிடு. ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வை, முடியாவிட்டால் செக் வால்வ் போடு. இல்லையென்றால் குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பிப் பம்ப்புக்குள் வரும். பிளக் பாயின்ட் தொட்டிக்கு நேர் கீழே வேண்டாம். ஒயர் பிளக்குக்கு வருமுன் கீழே தொங்கி வளைந்து ஏற வேண்டும், அப்போதுதான் வழிகிற சொட்டு வளைவிலேயே விழும். கரண்ட் கசிந்தால் தானே அணைகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். பாப்பா தவழ்கிறாள், எதையும் பிடித்து இழுக்கிற வயசு. அறைக்குக் கதவும், எட்டாத உயரத்தில் தாழ்ப்பாளும் போடு.

அந்த அறைக்குள் எனாமலோ தின்னரோ திறக்காதே. ஏர் பம்ப் அறையின் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிறது, பெயிண்ட் நெடியும் அதோடு போகும். கொசுவர்த்தி, கொசு லிக்விட் எல்லாமும் அப்படித்தான். அதில் இருக்கும் பைரெத்ராய்டு மருந்து மீனுக்குக் கொடிய விஷம். பெயிண்ட் வேலை முழுதையும் மொட்டைமாடியில் முடித்து, நெடி அடங்கிய பிறகு உள்ளே கொண்டுவா. எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று வைத்தால் சுவர் ஓதம் ஏறாது.

மாடியா கீழேயா என்பது உன் இஷ்டம், வீடு உன்னுடையது. மாடியில் வைத்தால் வெளிச்சம் நன்றாக இருக்கும், பார்க்கவும் அழகு. கீழ் ஹாலில் வைத்தால் பாரம் மண்மேல் நிற்கும். மாடிப்படிக்கு அடியில் அறை ஏற்கெனவே பாதி இருக்கிறது, பழைய சைக்கிளை எடுத்தால் போதும். அப்பாயி கட்டிலில் படுத்தபடியே மீன் பார்ப்பாள். மாடிதான் என்று முடிவு செய்தால் முதலில் அந்தக் கோட்டின்மேல் இருக்கிற பட்டியைச் சுரண்டி இன்ஜினீயருக்குக் காட்டு. உன் அப்பா வேண்டாம் என்று சொன்னாலும் காட்டு.

ரொம்பப் பேசிவிட்டாள் அத்தை. நீ கெட்டிக்காரன், சின்ன வயசில் தாத்தாவுக்கு உப்புத்தாள் நனைத்துக் கொடுத்தவன், உனக்குப் போய் இத்தனை சொல்ல வேண்டியதே இல்லை. பெயிண்ட், பிரஷ் செலவு முழுக்க அத்தையுடையது, மறுக்காதே. நிறம் உனக்குப் பிடித்ததைப் போடு, கருப்பு என்றாலும் சரி. மீன் வாங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பாவையும் அழைத்துக்கொண்டு வா, கொளத்தூரில் கடை கடையாகப் போவோம். உனக்குப் பிடித்த வாழைக்காய் வறுவலும் ரசமும் செய்து வைக்கிறாள் அத்தை. அதிரசம் பார்சல் அனுப்பியிருக்கிறது, அப்பாவுக்கும் நாலு கொடு.

அன்புடன்,
அத்தை